ஒராஸ் போடாத கையெழுத்து

ஷோல்பான்: ...அப்புறம்?

ஒராஸ்: அப்புறமென்ன, கோர்ட்ல இடைவேளை விட்டுட்டாங்க. ஃப்ளாஸ்க்ல டீ இருக்கா, அண்ணி?

ஷோல்பான்: டீ எங்கயும் ஓடிப் போகாது. ஜட்ஜ் என்ன கேட்டார்?

ஒராஸ்: இருங்க. வாசல்ல நிக்கிற குமாஸ்தா சிரிக்கிறான். யாரோட வந்தீங்கன்னு கேட்டா, "புருஷனோட தம்பி, பாக்ஸர்"னே சொல்றீங்களாம். பேரச் சொல்ல மாட்டீங்களாம்.

ஷோல்பான்: சிரிக்கட்டும். புகுந்த வீட்டு ஆம்பளைங்க பேர எந்த மருமக சொல்லுவா? உங்கம்மா அகப்பைய எடுத்துக்கிட்டு வந்துருவாங்க.

ஒராஸ்: கராகண்டா ஊரு மொத்தமும் ஒராஸ், ஒராஸ்னு கத்துது...

ஷோல்பான்: கத்தட்டும். எனக்கு நீ மிர்சாதான். கல்யாணமாகி வந்த அன்னிக்கு நான் வச்ச பேரு. பேச்ச மாத்தாத. இந்தா, டீ... ஏய், கிண்ணம் இங்க இருக்கு. இந்தப் பக்கம்.

ஒராஸ்: தெரியுது, தெரியுது. சூடா இருக்குமேன்னு பாத்தேன்.

ஷோல்பான்: எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. உன் மேனேஜர் சாபிர் அண்ணன் உன் ஒப்பந்தத்த இன்னும் மூணு வருஷம் நீட்டியாச்சுங்கறார். அல்மாட்டில இருந்து வந்த புது மேனேஜர் நீ அவன் ஆளுங்கறான். நீ யாரு ஆளு?

ஒராஸ்: அதத்தான் ஜட்ஜும் கேக்கறார். சாபிர் அண்ணனோடது முடிஞ்சதுன்னு நெனச்சுத்தான் அல்மாட்டிக்காரனுக்குக் கையெழுத்து போட்டேன். இப்பப் பாத்தா, நீட்டின காகிதத்துலயும் ஒரு கையெழுத்து இருக்கு.

ஷோல்பான்: நீ போட்டதா இருக்கும்.

ஒராஸ்: எப்ப?

ஷோல்பான்: அந்தத் தோத்த சண்டைக்கு அப்புறம், தலையில கட்டோட படுத்திருந்தியே... மறந்திருப்ப.

ஒராஸ்: பேரு மறக்கல, ஊரு மறக்கல, இது மட்டும் மறந்துருமா?

ஷோல்பான்: எனக்கென்ன தெரியும்? பவுர்சாக் தின்னு. காலையில மாவு உருட்டி எண்ணெயில சுட்டது.

ஒராஸ்: அல்மாட்டி வக்கீல் காதுல ஓதறார்: "என் கையெழுத்து இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒப்பந்தம் செல்லாது. பட்டப் போட்டி உனக்கு. போலியாப் போட்ட ஆளு உள்ள போவான்."

ஷோல்பான்: உள்ளன்னா... ஜெயிலுக்கா?

ஒராஸ்: பின்ன, கல்யாணத்துக்கா? டீ கொட்டுது, அண்ணி.

ஷோல்பான்: மூடி சரியில்ல... அப்ப சாபிர் அண்ணனையா பிடிப்பாங்க?

ஒராஸ்: காகிதம் அவர்கிட்டதானே இருந்துச்சு.

ஷோல்பான்: பாவம்டா அவரு. டாக்டர் கண்ணையும் தலையையும் பாத்து சரின்னு சொன்னாத்தான் உன்ன ரிங்குல ஏத்துவேன்னு அதுலயே எழுதியிருக்கார். அல்மாட்டிக்காரன் எழுதுவானா?

ஒராஸ்: அதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஷோல்பான்: ...யாரோ சொன்னாங்க.

ஒராஸ்: யாரு?

ஷோல்பான்: நீ ஜட்ஜ்கிட்ட என்ன சொன்ன? அத மொதல்ல சொல்லு.

ஒராஸ்: சொல்றேன். இன்னொரு பவுர்சாக் குடுங்க.

ஷோல்பான்: விளையாடாத, மிர்சா. சீக்கிரம் சொல்லு.

ஒராஸ்: எனக்குப் போட்டி போகுது, உங்களுக்கு ஏன் இந்தப் பதட்டம்? அண்ணி? எங்க எந்திரிக்கறீங்க?

ஷோல்பான்: ஜட்ஜ்கிட்ட சொல்லப் போறேன். அந்தக் கையெழுத்து நான் போட்டது. நீ படுத்திருந்தப்ப சாபிர் அண்ணன் காகிதத்தக் குடுத்துட்டுப் போனார். நான் போட்டு அனுப்பிட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீ கதவு நிலையில இடிச்சுக்கறத நான் பாத்தேன்டா. எப்பவும் இடது பக்கமே. கேட்டா தூக்கக் கலக்கம்ங்கற. டாக்டர்கிட்ட வான்னா சண்டைக்கு வர்ற. நான் வேற என்ன பண்ணுவேன்? உன் பட்டத்தக் கெடுத்துட்டேன். திட்டறதுன்னா திட்டிக்கோ.

ஒராஸ்: உக்காருங்க. ஜட்ஜ் காகிதத்தக் காட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. திருட்டுக் கையெழுத்து போடறப்பகூட கொழுந்தன் பேர எழுத உங்களுக்குக் கை வரல... "மிர்சா"ன்னு போட்டு வச்சிருக்கீங்க. எங்க வீட்ல என்னைய அப்படித்தான் கூப்பிடுவாங்க, நான்தான் போட்டேன்னு ஜட்ஜ்கிட்ட சொல்லிட்டுத்தான் வெளிய வந்தேன். இனி சாபிர் அண்ணன் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டும்... கிண்ணத்தக் கொஞ்சம் வலது பக்கமா வைங்க, அண்ணி. இடது கண்ணுல எனக்கு ஒண்ணும் தெரியல.