தலைகீழாக மூடிய குழி

“நீ ஒழிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி.”

“ஒழியறேன்டி. சோத்தைப் போடு, தின்னுட்டு ஒழியறேன்.”

இது பக்கத்து வீட்டில், காலையில். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை ஐயா. சுவர் மெல்லியது, என் நாற்காலி அதன் ஓரமாகக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் புருஷன்காரனும் நானும் ஒரே வேலை. எங்கள் வயல்வெளியில் ஒரு காலத்தில் கடல் நின்றதாம். அந்தப் பழைய கரை மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கிறது, அதில் கனமான கருமணல். குழி தோண்டித் தேடுவோம். அதிகாரி வந்து சோதனைக்குக் கொஞ்சம் மண் எடுத்ததும் குழியை மூடிவிடுவோம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மண் டாக்டர்.

அன்று மூட வேண்டிய குழி ஆளுயரத்துக்கு மேல். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். உள்ளே கிடந்த வாளியை எடுக்க இறங்கிய பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான்: “அண்ணே, சாயங்காலம் சீக்கிரம் கெளம்பறேன். அவளை சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போகணும். காலையில அந்தக் கத்து கத்தினா, இப்ப போன்ல சிரிக்கிறா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் வாய்விட்டுக் கேட்ட நிம்மதியை இவன் ஒரு சினிமா டிக்கெட்டில் முடிக்கப் பார்க்கிறான். துளைபோடும் இரும்புக் கம்பியை அவன் மண்டையில் இறக்கினேன். உட்கார்ந்துவிட்டான். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, “அண்ணே, கம்பி நழுவிடுச்சா?” என்றான். மரியாதையான பையன். அடுத்த அடியில் தாடை போனது, பேச்சு நின்றது. மண்ணைத் தள்ளும்போது விரல்கள் கொஞ்ச நேரம் அசைந்தன. நான் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான் என்று தெருவில் சொன்னேன். சண்டையை எல்லோருக்கும் முன்பே சொல்லியிருந்ததால் நம்பினார்கள்.

தப்பு ஒன்றே ஒன்று. கருமணல் அடியில், மேல்மண் மேலே என்றுதான் மூட வேண்டும். அவசரத்தில் கைக்கெட்டிய மேல்மண்ணை முதலில் தள்ளிவிட்டேன். பயிர் முளைக்கவில்லை என்று வயல்காரர் புகார் சொன்னார். மண் டாக்டர் வந்து பார்த்தார், கறுப்பாக மின்னியது.

“எவன்யா இதைத் தலைகீழா மூடினது? தோண்டு, ஒழுங்கா மூடு,” என்று மண்வெட்டியை என் கையிலேயே கொடுத்தார். தோண்டினேன். முதலில் வாளி வந்தது.

ஆமாம் ஐயா, நான்தான் கொன்றேன், அவளுக்காக. ஒரு வார்த்தை நன்றி சொன்னாளா? மண் டாக்டரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாளாம். அங்கே வீடுகள் தள்ளித்தள்ளி இருக்குமாம். பாவம், இனி அவள் கத்தினால் கேட்க யார் இருக்கிறார்கள்?