கிணற்றை அளந்தவள்

வன்னிப் பாடசாலையொன்றுக்கு மாற்றலாகி வருமுன் யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் பத்தாண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் நான். என் தகைமையை எவரும் ஐயுற்றதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், கனகராயன்குளத்தில் பஸ் ஏறிய கமக்காரர் இருவர் என் முன்னிருக்கையில் அமர்ந்தனர். என்னை அவர்கள் அறியார்.

"அந்தப் பௌதிக மாஸ்டருக்குப் பாடம் தெரியாது போல, அண்ணை. கேள்வி கேட்டால் திருப்பிப் பிள்ளையளிட்டையே கேக்கிறார். மகளை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மறிக்கப்போறன்" என்றார் இளையவர்.

"அவசரப்படாதை தம்பி. என்ரை இறைப்பு மிசின் கொஞ்சம் இழுத்துப்போட்டுத் தண்ணி வராமல் நிண்டது. திருத்த வந்தவன் மிசின் பழுது எண்டான். மகள் மாஸ்டரைக் கேட்டாள். கிணத்தை அளந்து பார் எண்டாராம்."

"பாத்தியளோ, மறுமொழி தெரியாது."

"பொறு. அவள் கயிறு விட்டு அளந்து கொப்பியிலை எழுதினாள். தண்ணி இருபத்தைஞ்சு அடிக்குக் கீழை போனால்தான் மிசின் இழுக்கேல்லை. 'பழுதில்லை அப்பா, அதுக்குக் கீழையிருந்து எந்த மிசினும் மேலை இழுக்காது, மிசினைக் கிணத்துக்குள்ளை இறக்குங்கோ' எண்டாள். பலகை போட்டு இறக்கினன். மிளகாய்த் தோட்டம் தப்பிட்டுது."

"மாஸ்டர் வந்து காட்டியிருப்பார்."

"ஓம், நான் இல்லாத நேரம் வந்திருப்பார்."

"அப்ப என்ரை பிள்ளையும் அங்கையே படிக்கட்டும்."

நான் வந்து காட்டியதாக அவர்கள் கொண்டது தவறு. அந்தக் கிணற்றை நான் கண்டதே இல்லை. அளந்தவளும் காரணம் கண்டவளும் என் மாணவியே.