வருஷத்துக்கு ஒன்பது நாள்

அப்பா: ...அது கிடக்கட்டும். சாப்பாடு போட்டாங்களா இல்லையா, அதைச் சொல்லு மொதல்ல.

மகள்: போட்டாங்கப்பா. ஆளுக்கொரு டப்பா. நான் தொடல.

அப்பா: ஏன்? கை கழுவத் தண்ணி இல்லையா? வெள்ளத்தைப் பத்திப் பேசுற கூட்டத்துல...

மகள்: சிரிக்க வைக்காதப்பா.

அப்பா: சிரிச்ச மாதிரி தெரியலையே. இரு... ரெண்டாவது மோட்டார் இருமுது. ஒரு தட்டு தட்டிட்டு வந்துடறேன்... ம், இப்ப சரியாயிடுச்சு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. காலைத் தூக்கி மேல வை, தரையெல்லாம் தண்ணி. நேரா வீட்டுக்குப் போகாம பம்ப் ரூமுக்கு வந்திருக்கே. அம்மாவுக்குத் தெரியுமா?

மகள்: தெரியாது. வீட்டுக்குப் போகணும்னா தெரு முழுக்க நடக்கணும். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கேப்பாங்க.

அப்பா: கேக்கத்தான் செய்வாங்க. காலையில உன்னை வழியனுப்ப எத்தனை பேர் வந்தாங்க! கல்யாணப் பொண்ணுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது. சரி, எங்க உக்கார வச்சாங்க? போன தடவை மாதிரி செவத்தோரமா?

மகள்: இல்ல, இந்தத் தடவை பெரிய மேசையில. தனி மைக்கு. முன்னாடி ஒரு பலகை.

அப்பா: பேர் போட்டா?

மகள்: பேர் இல்ல. 'இளைஞர்'னு போட்டிருந்துச்சு.

அப்பா: ஹா! அப்போ மத்தவங்க முன்னாடியெல்லாம் 'கிழவர்'னு போட்டிருந்தாங்களா?

மகள்: அப்பா...

அப்பா: சரி சரி. ஆனா ஓட்டு? ஓட்டு நிஜமாவே கொடுத்தாங்களா?

மகள்: கொடுத்தாங்க. ஏழு பேர், ஏழு ஓட்டு. அதுல ஒண்ணு என்னோடது.

அப்பா: பாத்தியா! மூணு வருஷம் லேப் வேலையை முடிச்சிட்டு வந்து சோறு தண்ணி இல்லாம வீடு வீடா ஏறி கையெழுத்து வாங்கினீங்களே, நீயும் அந்தப் பிள்ளைங்களும். 'எங்களைப் போட்டோவுக்குக் கூப்பிடாதீங்க, முடிவு எடுக்கக் கூப்பிடுங்க'ன்னு... நான்கூட, போங்கடா, ஊதுற சங்கை ஊதி வைங்கன்னு நெனச்சேன். கடைசியில கூப்பிட்டுட்டாங்க.

மகள்: ம். கூப்பிட்டுட்டாங்க.

அப்பா: என்ன, இவ்வளவு சுருக்கமா...

தையல் அத்தை: அண்ணே! உள்ள யாரு, நம்ம மந்திரியம்மாவா? நான் நெனச்சேன், வெளிய செருப்பு கிடக்கும்போதே நெனச்சேன்!

அப்பா: நீ எங்கம்மா இந்த மழையில?

தையல் அத்தை: வீட்டுக்குள்ள தண்ணி வர ஆரம்பிச்சிடுச்சு. மூணாவது மோட்டாரையும் போடுங்கன்னு சொல்ல வந்தேன். தையல் மெஷினைச் செங்கல் மேல ஏத்தி வச்சிட்டேன், இனிமே அது மேல நான் ஏறி உக்காந்தாத்தான் உண்டு. பாப்பா, என்ன ஆச்சு? வெள்ளத் தடுப்புக் கரை நமக்குத்தானே?

மகள்: அத்தை... அது வந்து...

அப்பா: இன்னும் முடிவாகலம்மா. நாளைக்குத்தான் சொல்வாங்களாம்.

தையல் அத்தை: நாளைக்கா? இன்னைக்குன்னுதானே...

அப்பா: ஆபீஸ் காரியம் என்னைக்கு சொன்ன நாள்ல நடந்திருக்கு?

தையல் அத்தை: அதுவும் சரிதான். இல்ல பாப்பா, எதுக்குக் கேக்கறேன்னா, என் பொண்ணு இந்த வீட்டை வித்துட்டு வா வான்னு உயிரை எடுக்குறா. நான்தான், இரு, நம்ம தெருவுக்காகப் பேச நம்ம பொண்ணே போயிருக்கா, கரை வந்துடும்னு சொல்லி வச்சிருக்கேன். இத்தனை வருஷம் போனவங்க எல்லாம் நம்ம தெருவை மேப்புல பாத்தவங்க. நீ முட்டியளவு தண்ணியில பள்ளிக்கூடம் போனவ. உனக்குத் தெரியாதா?

மகள்: தெரியும் அத்தை.

தையல் அத்தை: நல்லாப் பேசினியா?

மகள்: ...பேசினேன்.

தையல் அத்தை: போதும். உன் வாய்க்கு அவங்களால பதில் சொல்ல முடியுமா! அண்ணே, மூணாவது மோட்டாரு...

அப்பா: போடறேன், நீ பாத்துப் போ. வாசல்ல மூடி இல்லாத சாக்கடை, ஓரமா நட.

மகள்: அத்தை போயிட்டாங்களா?

அப்பா: போயிட்டா. மோட்டாரையும் போட்டாச்சு. இப்ப சொல்லு. போயிடுச்சா?

மகள்: உனக்கு எப்படித் தெரியும்?

அப்பா: ஜெயிச்சிட்டு வர்றவ பம்ப் ரூம்லயா வந்து ஒளிஞ்சுக்குவா? யாருக்குப் போச்சு?

மகள்: ஆஸ்பத்திரிப் பக்கத்துக்கு. மூணு இடம் கேட்டிருந்துச்சு. நாம, ஆஸ்பத்திரி, துறைமுகக் கிடங்கு. வந்த பணம் ஒரு கரைக்குத்தான் வருது.

அப்பா: அடுத்த பணம் எப்போ?

மகள்: எட்டு வருஷம் கழிச்சு.

அப்பா: எட்டு வருஷமா... எட்டு வருஷத்துல இந்த ரூமே தண்ணிக்குள்ள இருக்கும். அப்புறம் மோட்டாரை மீன்தான் போடணும். எத்தனை பேரு நமக்கு எதிரா?

மகள்: ஆறு பேரு ஆஸ்பத்திரிக்குக் கை தூக்கினாங்க.

அப்பா: பாவிங்க. ஒருத்தனாவது இந்தத் தெருவுல வந்து ஒரு மழைக்கு நின்னிருப்பானா? ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு...

மகள்: அவங்க நல்லவங்கப்பா.

அப்பா: என்னது?

மகள்: நானும் திட்டணும்னுதான் போனேன். ஆனா ஒவ்வொருத்தரும் படிச்சிட்டு வந்திருந்தாங்க. நான் பேசும்போது யாரும் போனைப் பாக்கல. தலைவரம்மா குறிப்பெடுத்துக்கிட்டாங்க. காசு வாங்கிக்கிட்டு மாத்தினாங்கன்னு சொல்லக்கூட வழியில்ல.

அப்பா: அப்புறம் எப்படி நம்மளைத் தள்ளினாங்க?

மகள்: வருஷத்துக்கு எத்தனை நாள் தண்ணி நிக்குதோ, அதுக்குத்தான் பாதி மார்க்கு. ஆஸ்பத்திரிப் பக்கம் இருபத்திரண்டு நாள். கிடங்குப் பக்கம் பதினேழு.

அப்பா: நம்ம...

மகள்: ஒன்பது. போன வருஷம் அறுபத்துநாலு நாள் நின்னுச்சு. நான் காலண்டர்ல கோடு போட்டு வச்சிருக்கேன். அவங்ககிட்ட ஒன்பது.

அப்பா: அது... ஆபீஸ்ல யாராவது தப்பா...

மகள்: நீ தண்ணி அளவு எழுதுற லெவல் நோட்டுப்பா. பன்னெண்டு வருஷத்து நோட்டையும் பெரிய திரையில போட்டாங்க. எட்டு, ஒன்பது, பத்து, ஒன்பது. ஒவ்வொரு பக்கத்து அடியிலயும் உன் கையெழுத்து. ஒருத்தரு, 'எவ்வளவு நேர்த்தியா எழுதியிருக்காரு, இந்த மாதிரி ஆள் எல்லா பம்ப் ரூம்லயும் இருக்கணும்'னாரு.

அப்பா: போதும்மா.

மகள்: ஏன்ப்பா?

அப்பா: மோட்டார் சத்தத்துல சரியாக் கேக்கல...

மகள்: ஏன்ப்பா அப்படி எழுதினே?

அப்பா: ...நீ ஆறாவது படிச்சிட்டிருந்தே. ஆபீஸ்லேருந்து ஒரு தாள் வந்துச்சு. முப்பது நாளுக்கு மேல தண்ணி நிக்கிற தெருவெல்லாம் குடியிருக்க லாயக்கில்லாத இடம்னு பட்டியல் போடப் போறோம்னு. பட்டியல்ல பேர் வந்தா கரெண்டை வெட்டுவான், ஒரு மாசத்துல காலி பண்ணச் சொல்வான். எங்க போறது? அந்த வருஷம் நாப்பத்தியோரு நாள். நான் ஒன்பதுன்னு எழுதினேன்.

மகள்: யாரு சொல்லி?

அப்பா: யாரும் சொல்லல. அம்மாகிட்டகூடச் சொல்லல. பேனாவைத் திறந்தேன், எழுதிட்டேன். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பம்ப்காரன் உள்ளதை எழுதினான். அந்தத் தெரு இப்ப எங்க இருக்கு? மண்ணு. நம்ம தெரு இருந்துச்சும்மா. பன்னெண்டு வருஷம் இருந்துச்சு.

மகள்: அப்போ தெருவைக் காப்பாத்துச்சு.

அப்பா: ஒரு தடவை எழுதினா அடுத்த தடவையும் எழுதணும். திடீர்னு அறுபதுன்னு எழுதினா, நேத்து வரைக்கும் என்னடா பண்ணினேன்னு கேப்பான். இப்படிக் கரை கட்ட ஒருநாள் பணம் வரும், அதைப் பங்கு போட இந்த நோட்டைத்தான் எடுப்பாங்கன்னு நான் கனவா கண்டேன்? நீ மூணு வருஷமா தெருத்தெருவா அலைஞ்சப்போ ஒருநாளாவது சொல்லியிருக்கணும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு...

மகள்: அழாதப்பா.

அப்பா: நான் எங்க அழறேன். மழைச் சாரல்.

மகள்: ஜன்னல் மூடியிருக்கு.

அப்பா: சரி, கேளு. நாளைக்குக் காலையில ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா அந்தத் தலைவரம்மாகிட்ட போறேன். நோட்டு முழுக்கப் பொய், எழுதினது நான், நெசக் கணக்கு இதுன்னு சொல்லிடறேன். உன் காலண்டரைக் கொடு.

மகள்: வேண்டாம்.

அப்பா: ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு மாசம்தான். பென்ஷன் போனா போகட்டும். உள்ள தூக்கிப் போட்டாலும் மூணு வேளை சோறு, மோட்டார் சத்தம் இல்லாத தூக்கம்.

மகள்: விளையாடாத. போக வேண்டாம்.

அப்பா: அறுநூறு வீடும்மா! செஞ்ச பாவத்தை நானே போய்க் கழுவிக்கறேனே. உன்மேல ஒரு துளி படாது. எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப் பொண்ணு, திரையில காட்டினதைப் பாத்துட்டு வந்துட்டா, அவகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலன்னு சொல்லிடறேன். அவங்களே கூட்டத்தைத் திரும்பக் கூட்டுவாங்க.

மகள்: அப்படிச் சொல்ல முடியாதுப்பா.

அப்பா: ஏன் முடியாது?

மகள்: கேட்டாங்க. ஓட்டுக்கு முன்னாடி தலைவரம்மா எல்லாரையும் நிறுத்திட்டு என்னைப் பாத்துக் கேட்டாங்க. 'இந்த மேசையில அந்தத் தெருவுல குடியிருக்கிறவ நீ ஒருத்திதான், எங்களுக்கு நோட்டைவிட உன் வார்த்தை பெருசு, இந்தக் கணக்கு நிஜமா'ன்னு கேட்டாங்க. திரையில உன் கையெழுத்து அப்படியே நின்னுச்சு. நான் மைக்கைப் போட்டு, நிஜம்தான், வருஷத்துக்கு ஒன்பது நாள்தான்னு சொல்லி, அதுக்குக் கீழ என் பேரை எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்ப்பா.