ஏணிக்குக் கீழே ஒருவர்

"நான் ஏணியில ஏறினா எங்க வீட்டுக்காரருக்குத் தலை சுத்துதுக்கா."

பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே முருகனைத் துணைக்குக் கூப்பிடுகிற நான், காதைத் தீட்டிக்கொண்டேன். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள், குடிசைப் பகுதிப் பெண்களுக்கு நடத்தும் சோலார் பயிற்சியில் படிக்கிறவள். அன்றைக்கு மாடியில் ஏறி பேனல் மாட்டிக் காட்டினால்தான் சர்டிபிகேட்டும் வேலையும்.

"கடல்ல மீன்புடி வள்ளத்துல ஆடாம நிக்கிற மனுசனுக்கா தலை சுத்துது?"

"ஆமாக்கா. நேத்து பூரா ஏறி எறங்கிப் பழகுனேன். அவருதான் ஏணியப் புடிச்சாரு, கண்ண இறுக்க மூடிக்கிட்டு."

"அடப்பாவி! நீ விழுந்தா எப்படிடி புடிப்பாரு?"

"அதத்தான் நானும் கேட்டேன். 'நீயாவது, விழுகுறதாவது'ங்குறாரு."