இசோரா சொன்னதும் நான் சொன்னதும்

என் அண்ணன் காளிதாஸுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பேசினால் புரிந்துகொள்வான், அது வேறு. எழுத்தாக நாலு வரி சேர்ந்தாற்போல் வந்தால் போதும், கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம். நான் காரணம் என்று யாராவது சொன்னால் அது நியாயமாக இருக்காது.

என் பெயர் தேன்மொழி. மலேசியாவில் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லை மாற்றிப் போட்டாலும் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன். அந்த விஷயத்தில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

2001-ஆம் வருடம் அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவான். அப்பா தவறி மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மாவும் நானும்தான். ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு நான் சும்மா இருந்தேன். அண்ணன் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து முன் அறையில் வைத்தான். பக்கத்து ஊரான குளுவாங்கில் ஒரு கடையில், பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்ற சிடி ஒன்றையும் வாங்கி வந்தான். அசல் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. விளையாட்டின் பெயரைத் தமிழில் சொன்னால் 'உப்புக் கிரீடம்'.

அது சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு அல்ல. முழு நாவலையே உள்ளே வைத்திருந்தார்கள். எதிரிகள் சூழ்ந்த ஒரு நகரம், அதைக் காப்பாற்றக் கிளம்பும் ஒரு வீரன். வழியில் கூட்டாளிகள் சேருவார்கள். ஒவ்வொருவரும் நின்று பேசுவார்கள். குரல் கிடையாது, எல்லாம் எழுத்து. பேசி முடித்ததும் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று பதில்கள் வரும். நீங்கள் எந்த எண்ணை அழுத்துகிறீர்களோ அந்தப் பக்கம் கதை திரும்பும். அதாவது, படிக்கத் தெரிந்தவர்களுக்கான விளையாட்டு. அதைப் போய் எங்கள் அண்ணன் வாங்கி வந்தான்.

"தேனு, இங்க வா. இந்த ராஜா என்னமோ ஒளறிக்கிட்டே இருக்கான், என்னா சொல்றான் பாரு," என்றான். நான் சமையலறையிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து அவன் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து வாள் வீசுவது அவன் வேலை, வாசிப்பது என் வேலை.

முதல் பொய்க்குக் காரணம் ராஜாதான். மூன்று பக்கம் பேசினார். என் தலை வலித்தது. "வடக்க போகச் சொல்றாரு," என்றேன். அண்ணன் வடக்கே போனான். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அடுத்த வாரம் ஒரு மளிகைக்காரன் வந்தான். அவனை எங்கள் ஊர் மளிகைக்காரர் மாதிரியே பேச வைத்தேன். "வாங்க தம்பி, போன மாசம் எடுத்த கத்தி எப்படி இருக்கு?" அண்ணன் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். இங்கிலீஷில் அந்த மளிகைக்காரன் வணக்கம் சொன்னதோடு சரி. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கூட்டாளிகளில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவன் ரெட்கோ, திருடன். அவனுக்கு என் குரலையும் என் கிண்டலையும் கொடுத்தேன். என் வாசிப்பில் அவன் அண்ணனை விட்டு ஒருநாளும் போகாத உயிர் நண்பன். இன்னொருத்தி இசோரா, காயத்துக்கு மருந்து போடுகிறவள். அவள் மேல் அண்ணனுக்கு ஒரு இது. வெறும் படம், அதுவும் என் சுண்டுவிரல் உயரம். அதற்கே சோறு சாப்பிடும்போதும் அவள் பேச்சுதான். "இசோரா இல்லன்னா அந்தப் பாலத்துல செத்துருப்பேன் தேனு." பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தொண்டை வறள வாசித்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நவம்பரில் நகரத்துக் கிணற்றடியில் இசோரா நின்று அழுதாள். எதிரி தன்னை உளவாளியாக அனுப்பினான் என்றாள். இப்போது மனம் மாறிவிட்டது, மன்னித்தால் கடைசிவரை கூடவே இருப்பேன் என்றாள். இப்படித்தான் எழுதியிருந்தது. நான் சொன்னது கொஞ்சம் சுருக்கமாக இருந்தது. "அவ எதிரியோட ஆளாம் அண்ணே. உன்ன ஒருநாளும் மதிச்சதே இல்லையாம். போறேங்கிறா."

அண்ணன் திரையையே பார்த்தான். "மூணாவது என்னா?" என்றான்.

"போகட்டும்னு விட்டுடறது."

"போகட்டும். நல்லா இருக்கட்டும்," என்று சொல்லி மூன்றை அழுத்தினான். அன்று அவன் சாப்பிடவில்லை. அதன் பிறகு மருந்து போட ஆளில்லாமல் சண்டைக்குச் சண்டை செத்துப் பிழைத்தான். முடிக்க எட்டு மாதம் ஆனது. கடைசியில் ரெட்கோ எதிரியிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு நகரத்தின் கதவைத் திறந்துவிட்டான், நகரம் எரிந்தது. "சனங்க தப்பிச்சுப் போறதுக்காகத் திறந்து விடுறான் அண்ணே," என்றேன். அண்ணன் கண் கலங்கிவிட்டான். அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன்.

நடுவில் பிரவீனா விஷயம் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க அதில் ஒன்றுமில்லை.

பிரவீனா சிங்கப்பூர்ப் பெண். பட்டறை அலுவலகத்தில் இருந்தவள், மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியா போயிருந்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாளாம், எழுத வராது. ஆகையால் இங்கிலீஷில் மின்னஞ்சல் எழுதுவாள், நீளநீளமாக. சனிக்கிழமை வந்ததும் அண்ணன் தொலைபேசிக் கம்பியைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, "தேனு," என்பான். நான் ஸ்டூலை இழுத்துப் போடுவேன். தட்டுத்தடுமாறி அவனே படித்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் படிப்பது என் வேலை என்று ஆகிவிட்டிருந்தது. அதே நாற்காலி, அதே ஸ்டூல், அதே திரை.

இசோரா போன அடுத்த மாதம் பிரவீனாவின் அஞ்சல் வந்தது. படிப்பு முடிந்துவிட்டது, நம் கல்யாணத்துக்கு அப்பா சம்மதித்துவிட்டார், பதினெட்டாம் தேதி சாங்கி விமான நிலையத்துக்கு வாருங்கள். வராவிட்டால் உங்கள் மனசு மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன், தொந்தரவு செய்யமாட்டேன். நல்ல இங்கிலீஷ். ஒரு பிழை இல்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். அவள் வந்தால் அண்ணன் சிங்கப்பூரோடு போய்விடுவான். சனிக்கிழமை வராது. அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? என்னை விடுங்கள், நான் எப்படியும் பிழைத்துக்கொள்வேன். அம்மாவுக்காகத்தான்.

"அங்கேயே வேல கெடச்சிருச்சாம் அண்ணே. இனிமே எழுத வேணாங்கிறா," என்றேன்.

அண்ணன் திரையையே பார்த்தான். "போகட்டும். நல்லா இருக்கட்டும்னு எழுதிரு," என்றான்.

எழுதினேன். அவன் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் போட்டு அனுப்பினேன். அந்த மொழிபெயர்ப்பில் யாரும் சிவப்பு மையால் சுழிக்க முடியாது. பிறகு அவள் அஞ்சலை அழித்தேன். பழைய குப்பையைச் சேர்த்து வைப்பது எனக்குப் பிடிக்காது.

அண்ணன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டான். குளுவாங்கில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் சேர்ந்தான். இரண்டு வருடம் கழித்து சந்திரமதி அண்ணியைப் பார்த்து வைத்ததே நான்தான். தங்கமான மனுஷி. தனிக்குடித்தனம் என்ற பேச்சையே எடுத்ததில்லை, அதைத் தீர விசாரித்துவிட்டுத்தான் பெண் கேட்டோம். ஒரே மகள் லோஷினி, ஜோகூர் பாருவில் கல்லூரியில் படிக்கிறாள். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. அம்மா போன பிறகும் பின் அறையில்தான் இருக்கிறேன். ஒரு நல்ல குடும்பம் இது. இதைக் கட்டியது யார் என்று நான் சொல்லிக்காட்டுவதில்லை.

போன மாதம் லோஷினி வீட்டுக்கு வந்து என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். சிறு வயதில் அவளைத் தூங்க வைக்க அண்ணன் சொன்ன கதையெல்லாம் உப்புக் கிரீடம்தான். அந்த விளையாட்டை இப்போது புதுப்பித்து, அதில் வரும் எல்லாரையும் குரலோடு பேச வைத்து வெளியிட்டிருக்கிறார்களாம். அவள் வாங்கி விளையாடியிருக்கிறாள்.

"அலமாக்! அத்தை, இசோரா நல்லவ லா. ரெட்கோதான் துரோகி. அப்பா எல்லாத்தயும் தலைகீழா சொல்லியிருக்காரு."

"அதுல நெறைய முடிவு இருக்கும்மா. உங்க அப்பா பார்த்தது வேற," என்றேன்.

"எல்லா முடிவையும் பாத்துட்டேன் அத்தை. எல்லாத்துலயும் ரெட்கோ நகரத்துக் கதவ தொறந்து விட்டுடறான்." என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்கதானே அப்பாவுக்குப் படிச்சுச் சொன்னீங்க?"

எனக்கு வயசாகிவிட்டது, ஞாபகம் இல்லை என்றேன். எனக்கு நாற்பத்தைந்துதான். ஒன்று மட்டும் அவளிடம் சொல்லத் தோன்றியது. நான் சரியாகப் படித்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க நீ பிறந்தே இருக்கமாட்டாய் என்று. சொல்லவில்லை. நான் பெருந்தன்மையானவள்.

அவள் அதோடு விடவில்லை. போன சனிக்கிழமை மத்தியானம் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து முன் அறையில் வைத்தாள். கிணற்றடிக்கு முன்னால் தான் நிறுத்தி வைத்திருந்த ஆட்டத்தைத் திறந்து, அண்ணனை உட்கார வைத்தாள். நான் பயந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் எனக்கு இருப்பது அந்த ஒரு பின் அறையும் அண்ணன் என்னைக் கூப்பிடுகிற குரலும்தான். அது போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தான். எழுந்துபோய்ச் சமையலறையிலிருந்து ஸ்டூலை எடுத்துவந்து தன் வலது பக்கம் போட்டான். "வா தேனு, உக்காரு," என்றான்.

இசோரா பேசினாள். தெளிவான குரல், நிறுத்தி நிதானமாகப் பேசினாள். உளவாளியாக வந்தேன், மனம் மாறிவிட்டது, மன்னித்தால் கடைசிவரை கூடவே இருப்பேன். லோஷினி என்னைப் பார்த்தாள். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுத்து மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"என்னா சொல்றா தேனு?"

குரலில் கோபம் இல்லை. எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன் என்பதுபோல் உட்கார்ந்திருந்தான்.

"எதிரியோட ஆளுதானாம் அண்ணே," என்றேன். "உன்ன மதிச்சதே இல்லையாம். போறேங்கிறா."

"அத்தை," என்றாள் லோஷினி. அண்ணன் கையைக் காட்டி அவளை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி, எந்த எண் என்னவென்று என்னைக் கேட்காமலே ஒன்றை அழுத்தினான். ஒன்று என்றால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம். இசோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் வந்து நின்றாள்.

"அப்ப ரெண்டு பேரயும் அனுப்பிட்டேன்," என்றான் அண்ணன்.

இன்னொருத்தர் யார் என்று நான் கேட்கவில்லை. விளையாட்டில் எத்தனையோ பேர் வருவார்கள், போவார்கள். அவன் எழுந்து, "டீ போடவா, உனக்கும் வேணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனான். டீ கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு வழக்கம்போல் சீனி குறைவாகத்தான் போட்டிருந்தான்.

ஆகவே ஒன்றும் கெட்டுப் போகவில்லை. அவனுக்கு எல்லாம் தெரியும் என்று லோஷினி அடித்துச் சொல்கிறாள். தொழிற்சாலையில் ஏற்றுமதிப் படிவங்களை இருபது வருடமாக அப்பாதான் இங்கிலீஷில் நிரப்புகிறார் என்கிறாள். அது பழக்கம், படிப்பு ஆகாது. ஒன்றைக் குருட்டாம்போக்கில்தான் அழுத்தியிருப்பான். தெரிந்திருந்தால் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டிருப்பானா? என் அண்ணனுக்குத்தான் இங்கிலீஷ் வராதே.