பச்சை நூல் கட்டிய கிளாஸ்

கிட்ட வந்து உட்கார், கண்ணு. அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. சுவரோடு ஒட்டிப் போட்டால் ஆடாது. கல்யாணச் செய்தி சொல்ல இவ்வளவு தூரம் வந்தவளை வெறுமனே அனுப்ப மனசு வரவில்லை. ஒரு கதை சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியை இரண்டு வருஷமாக நான்தான் முடிந்து வைத்திருக்கிறேன்.

எலுமிச்சம்பழத்தைப் பிழிவதற்கு முன்னால் மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்ட வேண்டும். அப்போதுதான் சாறு முழுசாக இறங்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் சமையலறையில் உனக்கு நான் சொல்லித்தந்தது அது ஒன்றுதான். மற்றதை எல்லாம் நீ ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாய். நீயும் என் தம்பியும் சேர்ந்து வாழப்போகிறீர்கள் என்று நாலு பேருக்குச் சொல்ல வைத்த மதிய விருந்து. உன்கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் கொடுத்தனுப்பிய நுரைக்கும் ஒயின் ஒரு பாட்டில், நீ வாங்கி வந்த ஜின் ஒரு பாட்டில்.

நீ செய்த விதம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சர்க்கரையும் தண்ணீரும் சரிசமமாகக் காய்ச்சி ஆறவைத்தாய். கணக்கு டீச்சர் இல்லையா, ஜின்னை இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் கோடு பார்த்து ஊற்றினாய். எலுமிச்சைச் சாறு, பாகு, ஐஸ் எல்லாம் சேர்த்து என் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிக் குலுக்கினாய். வடிகட்டி, கிளாஸைச் சரித்துப் பிடித்து, ஓரமாக ஒயினை வழியவிட்டாய். அவசரப்பட்டால் நுரையெல்லாம் செத்துவிடும் என்றாய். கடைசியில் எலுமிச்சைத் தோலில் ஒரு சுருள்.

இப்படி ஐந்து கிளாஸ். ஆறாவது என் தம்பிக்கு. அதில் சாறு, பாகு, சோடா, அவ்வளவுதான். ஜின்னும் கிடையாது, ஒயினும் கிடையாது. ஆனால் பார்வைக்கு ஆறும் ஒன்றுபோலவே இருந்தன. அதனால்தான் நீ என் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூல் கேட்டு வாங்கி, அவன் கிளாஸின் தண்டில் கட்டினாய்.

அவன் குடித்த காலத்தை நீ பார்த்ததில்லை. நல்லவேளை என்று எல்லோரும் சொல்வார்கள். லிஃப்ட் மெக்கானிக், காலையில் கை நடுங்கினால் யார் அவனைக் கயிற்றுப் பக்கம் விடுவார்கள்? இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தான். இரண்டாவது தடவை டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "இன்னொரு தடவை தொட்டா இவர் ஈரல் தாங்காதும்மா" என்றார். அன்றைக்கு நிறுத்தினான். அதன்பிறகு ஆறு வருஷம் எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும், பழச்சாறாகவே இருந்தாலும், முதலில் என்னிடம் நீட்டுவான்.

"வாய் வச்சுப் பாருக்கா."

நான் ஒரு மிடறு குடித்துத் தலையாட்டுவேன். அப்புறம்தான் குடிப்பான். தலையாட்டாவிட்டால் கிளாஸைக் கீழே வைத்துவிடுவான். இது அவனாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. அம்மா போகும்போது அவனுக்கு நாலு வயது, எனக்கு இருபத்தொன்று. அவனுக்கு ஊட்டும்போதும் நான் இப்படித்தான் சூடு பார்ப்பேன்.

விருந்துக்கு மூன்று நாள் முன்னால், நீங்கள் இரண்டு பேரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் உள்ளே திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னாய், "அக்காவும் நம்மகூடவே வந்துடட்டுமே. எங்க ஸ்கூல் குவார்ட்டர்ஸ்ல ரூம் இருக்கு." உன் மனசு தங்கம், அதை நான் எங்கும் சொல்வேன். அவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேணாம் டீச்சர். ஆறு வருஷமா அவ மூஞ்சியப் பாத்துப் பாத்தே குடிச்சிருக்கேன், தண்ணி உள்பட. இனிமே நானா இருந்து பாக்கறேன்."

மிஷினை நிறுத்தினேன். கோபமெல்லாம் இல்லை. ஒரு கணக்கு மட்டும் புரியவில்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு சமைப்பது என்று எனக்குத் தெரியாது, கண்ணு. நாற்பத்தைந்து வருஷமாக இரண்டு பேருக்கே சமைத்த கை. அடுத்த நாள் அவன் வேலைக்குப் போனதும் ஒத்திகை பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர். எதிர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், எடுத்து உள்ளறையில் வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் சோறு தட்டிலேயே மீந்தது. யாராவது கதவைத் தட்ட மாட்டார்களா என்று சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். தட்டவில்லை. ஆறு மணி நேர ரயில் தூரத்தில் நீங்கள் இருக்கும்போது இது தினமும் நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ தட்டில் ஆறு கிளாஸையும் அடுக்கிவிட்டு, நாற்காலி போதுமா என்று பார்க்கக் கூடத்துக்குப் போனாய். ஒரு நிமிஷம் இருக்கும். நான் முப்பது வருஷம் தையல்காரி. முடிச்சு அவிழ்க்க இரண்டு விரல் போதும், போட ஒரு விரல் போதும்.

நீ தப்பாகக் கட்டவில்லை, கண்ணு. சரியாகத்தான் கட்டினாய்.

கூடத்தில் உன் அண்ணன், உன் அண்ணி, தம்பியின் சூப்பர்வைசர், நாம் மூன்று பேர். தம்பி எப்போதும்போல நூல் கட்டிய கிளாஸை எடுத்து என்னிடம் நீட்டினான். சூப்பர்வைசர் விடவில்லை. "பனைமரத்தடியில உக்காந்து பால் குடிக்கிறவனே, பொண்டாட்டி வந்தப்புறமும் அக்காகிட்டதான் டெஸ்ட்டிங்கா?"

"அவ தலையாட்டினாத்தான் சார் என் லிஃப்ட் நகரும்."

"அப்போ டீச்சர் எதுக்கு?"

"எந்த மாடின்னு சொல்றதுக்கு."

எல்லோரும் சிரித்தீர்கள். நான் வாய் வைத்தேன். நன்றாகச் செய்திருந்தாய். முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, நாக்கில் குமிழ் குமிழாக வெடித்தது. ஜின் எங்கோ பின்னால் நின்றது. விழுங்கிவிட்டு அவனைப் பார்த்தேன். என்னை நம்பிக் காத்திருக்கிற அந்த முகம், நாலு வயதில் வாயைத் திறந்துகொண்டு நிற்குமே, அதே முகம்.

தலையாட்டினேன்.

நான் செய்தது அவ்வளவுதான். கையைப் பிடித்து ஊற்றவில்லை. முதல் வாயிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கிளாஸ் விளிம்புக்கு மேலே என்னைப் பார்த்தான். அப்போதாவது கீழே வைத்திருக்கலாம், இல்லையா? "நல்லாருக்குக்கா" என்றான். மீதியையும் குடித்தான். தெரிந்தேதான் குடித்தான். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவனுடைய வெறும் சோடாவை நான் எடுத்துக் குடித்தேன். வீணாக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு அவன் சமையலறைக்குள் போனதும், ஜின் பாட்டிலைக் காலி செய்ததும், உன் அண்ணன் எழுந்து போனதும் உனக்குத் தெரியும். நீ பச்சை நூலைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாய். "நான்தான்க்கா மாத்திக் கட்டிட்டேன். கொன்னுட்டேன்க்கா" என்றாய். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். "மனுஷங்கதானே, டீச்சர். தப்பு வர்றதுதான்" என்றேன்.

நீ அதற்குப் பிறகும் மூன்று தடவை வந்தாய். அவன்தான் கதவைத் திறக்கவில்லை. என்னைப் பற்றி உன்னிடம் அவன் ஏன் சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "ஆறு வருஷம் நீ ஆட்டின தலையெல்லாம் நெசம். பொய் ஒண்ணுதானே" என்றான். சொல்லிவிட்டு கிளாஸை நீட்டினான். நிரப்பிக் கொடுத்தேன்.

உள்ளறையில் இருமல் கேட்கிறதே, அவன்தான். எழுந்திருக்காதே, இப்போது தூங்கட்டும். கால் வீங்கிவிட்டது, கண்ணெல்லாம் மஞ்சள். டாக்டர் ஆறு மாதம் என்றார். நான் பார்த்துக்கொண்டால் எட்டு மாதம் போகும். நீ விட்டுப்போன மருந்து மூடி என்னிடம்தான் இருக்கிறது. கோடு பார்த்துக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று கொடுக்கிறேன். இப்போதெல்லாம் நான் வாய் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்பதில்லை. இரண்டு தட்டு வைக்கிறேன். அவன் தட்டை நானே ஊட்டிக் காலி செய்கிறேன்.

இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்தான். நீ ராத்தூக்கம் இல்லாமல் இளைத்துப் போனாய் என்று கேள்விப்பட்டபோதெல்லாம் கடிதம் எழுத உட்கார்ந்து, தாளை மடித்து வைத்துவிடுவேன். ஆனால் அப்போது உனக்கு வேறு துணை இல்லை. உண்மை தெரிந்தால் நீ திரும்பி வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாய். இப்போது உனக்கென்று ஒருவர் வந்துவிட்டார். இனி பயமில்லை. உன்மேல் இருந்த பாரத்தை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போ.

அழாதே. குனி, தலையில் கை வைக்கிறேன். நீ நன்றாக இரு. உன் அடுப்பு நாள் தவறாமல் எரியட்டும். உன் வீட்டில் எப்போதும் இரண்டு தட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். உன்னவர் உன் கண்முன்னாலேயே இருக்கட்டும். உன் வாசலைத் தாண்டி யாரும், எங்கும், ஒருநாளும் போகாமலே இருக்கட்டும்.