ஒட்டாமல் விட்ட டையோடு

பேரம் பேசாமல் காசை நீட்டுகிறவனை எங்கள் அப்பா நம்பமாட்டார், சார். "அவன் கண்ணு வேற சரக்கு மேல இருக்கு" என்பார்.

போர்ட் பிளேர் பஜாரில் ரேடியோ பழுதுபார்க்கிற கடை என்னுடையது. சின்னப் படகில் தீவுகளுக்குச் சாமான் ஏற்றுகிற ஸ்ரீதர், தன் அமெச்சூர் ரேடியோவின் குரலைத் தூரம் எட்டவைக்கிற ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தான். மொபைல் எடுக்காத கடலில் அதுதான் அவனுக்கு வாய். வேண்டுமென்றே கூலியை இரட்டிப்பாகச் சொன்னேன்.

"டீக் ஹை அண்ணாச்சி, நீங்க சொன்னா சரிதான். வீட்ல அக்காவைக் கேட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன். என் மனைவி ஜெயமணி, "கடல்ல போறவரு, பாவம். குறைச்சு வாங்குங்களேன்" என்றாள். கீரைக்காரியைக் கண்கலங்க வைத்து வாங்குகிறவள் அவள். இவனுக்கு மட்டும் என்ன பாவம்?

பேசுவதற்குப் பட்டனை அழுத்தினால், ஒரு குட்டி டிரான்சிஸ்டர் சுவிட்சுபோல வேலை செய்து பெரிய டிரான்சிஸ்டருக்குப் பயாஸ், அதாவது அதை விழிக்கவைக்கிற சின்னக் கரண்ட், கொடுக்கும். பெரியது சூடாகச் சூடாகக் கரண்டைக் கூடுதலாக இழுத்து, விட்டால் கருகியே போகும். அதை அடக்கத்தான் அதன்மேல் ஒரு டையோடை ஒட்டியிருப்பார்கள்; சூடு தெரிந்ததும் அது பயாஸைக் குறைத்துவிடும். அந்த டையோடைப் பெயர்த்துச் சூடு எட்டாத மூலையில் பற்றவைத்தேன். வேறெதையும் தொடவில்லை. நாலு வார்த்தைக்கு அருமையாக வேலை செய்யும். நீளப் பேசுகிறவனுக்குத்தான் ஆபத்து. கடையில் சோதிக்கும்போது யார் நீளப் பேசுகிறார்கள்?

அடுத்த வாரம் ஒரு மதியம் காற்று மாறியது. ஊருக்கு வெளியே கராச்சர்மாவில் இருக்கிற என் வீட்டில் ரேடியோ செட் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது என்று ஸ்ரீதர் விவரமாகப் பேசினான். இடத்தைச் சொல்லும் நேரத்தில் குரல் இளைத்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் போய், வெறும் செட்டின் சன்னக் குரல். ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் "திரும்பச் சொல்லுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். என் ஆன்டெனா உயரம், எனக்கு மட்டும் இடம் தெளிவாகக் கேட்டது.

மைக்கை எடுக்கவில்லை. ஜெயமணியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"யாருங்க அது? பதில் சொல்லுங்களேன்."

"வேற ஆளுங்க பாத்துக்கிறாங்க" என்றேன்.

குரல் நிற்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் படகின் பலகைகள்தான் கரை ஒதுங்கின.

அவனைக் கொன்றது நான்தான், சார், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குரலை முன்பின் கேட்டே அறியாதவள்போல எவ்வளவு நேர்த்தியாக நடித்தாள் பாருங்கள். எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அப்போதுதான் தீர்ந்தது.